அக்கா பேஸ்பால் பாக்குறாளாம்!

ஜூன் 3

அக்கா!!!

பெரிய செய்தி, அதிர்ச்சி செய்தி, நெஞ்சே வெடிச்சுடுற செய்தி: கோல் விழுந்தா நாற்காலி மேல ஏறி நின்னு கத்துற என் கூடப்பிறந்த அக்கா இப்ப பேஸ்பால் பாக்குறாளாம்!

அம்மா வந்து சொன்னப்ப நான் கடையில ஒரு போன் டிஸ்ப்ளேவை ஹீட் கன் வச்சு கழட்டிட்டு இருந்தேன். "உங்கக்கா வீட்டுல இப்பல்லாம் பேஸ்பால்தானாம்டா"ன்னு என்னமோ மழை வருதுங்கற மாதிரி சொல்லிட்டு, சாப்பாட்டு டப்பாவை வச்சுட்டுப் போயிட்டாங்க. நான் அப்படியே சிலை. ஹீட் கன் பாட்டுக்கு ஓடுது. கஸ்டமர் "தம்பி, கருகுது தம்பி"ன்னு அலறாரு. நெஜமாவே கருகிடுச்சு. அந்த டிஸ்ப்ளே உன் கணக்குலதான்.

சரி, நீ போகட்டும். மாமா? என் மாமாவுமா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே உன்னைப் பாக்காம நம்ம வீட்டு டிவியில ஓடின மேட்சைப் பாத்த மனுஷன் அவரு! ஆஃப்சைடா இல்லையான்னு அப்பவே என்கூட சண்டை போட்டாரு. அதனாலதான் அவருக்கு நான் ஓட்டு போட்டேன், ஞாபகம் இருக்கா?

நியாயமா இருக்கணும்னு நானும் பேஸ்பால் அரை மணி நேரம் பாத்தேன். ஒருத்தன் தொப்பியைச் சரி பண்ணான். இன்னொருத்தன் பெல்ட்டைச் சரி பண்ணான். மூணாவது ஆளு எதையோ மென்னு துப்பினான். மத்தவங்க எல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. இது விளையாட்டா, பஸ் ஸ்டாண்டா? ஃபுட்பால்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கதை மாறிடும். தண்ணி குடிக்கப் போனா கோல் போயிடும். உயிர் கையில இருக்கும். நீதானே எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்த?

இன்னொரு விஷயம். நீ எதுக்கு லெட்டர் போடுற? கேட்டா வீட்டுல போனை எடுக்கிறதே இல்லங்கற, வீடியோ கால் வேண்டாங்கற. அம்மாகிட்ட மட்டும் நீ வேலை பாக்குற கண்ணாடிக் கடை போன்ல இருந்து ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சுடுற. மொபைல் ரிப்பேர் பண்றவனோட அக்கா நீ! எனக்கு அசிங்கமா இருக்கு. நான் போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்டாம்ப் கேட்டா அந்த மேடம் என்னை ஏற இறங்கப் பாக்குறாங்க.

என் சேனல் 'கத்துறவன் கார்னர்'ல மாமாவுக்கு எவ்வளவு ஃபேன்ஸ் தெரியுமா? அவரு லைவ்ல வந்து மாசக்கணக்காச்சு. "மாமா எங்கே, மாமா எங்கே"ன்னு கேட்டு உயிரை எடுக்கறானுங்க. பேஸ்பால் கட்சிக்குத் தாவிட்டாருன்னு எப்படிச் சொல்லுவேன்? எனக்கு ஆதாரம் வேணும். போட்டோ அனுப்பு. அம்மாவும் மாமா முகத்தைப் பாக்கணும்னு சொல்றாங்க.

அதிர்ச்சியில இருக்கும் தம்பி,
விசில்

◆

ஜூன் 11

டேய் விசில்,

உன் கடிதத்தைப் பிரித்ததுமே சத்தம் கேட்டது. காகிதத்தில்கூட எப்படியடா இப்படிக் கத்துகிறாய்?

நான் ஏன் பரீட்சைத் தாள் மாதிரி எழுதுகிறேன் என்று கேட்பாய். பேனா பிடித்தால் எனக்கு இப்படித்தான் வருகிறது.

ஆமாம், பேஸ்பால் பார்க்கிறோம். நீ அரை மணி நேரம் பார்த்தேன் என்கிறாய். நீ ஆளைப் பார்த்தாய், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பந்து எறிகிறவனுக்கு எதிரே, மட்டைக்காரனுக்குப் பின்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்திருப்பான் பார், பெரிய கையுறையோடு. அவன் தொடைக்கு நடுவே ரகசியமாக விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் வேகப் பந்து. இரண்டு என்றால் வளைந்து விழும் பந்து. எறிகிறவன் அதைப் பார்த்து "மாட்டேன்" என்று தலையாட்டுவான். இவன் விடமாட்டான், வேறு விரல் காட்டுவான். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி இருக்கும். அதற்குள் மட்டைக்காரன் காலை மாற்றி வைப்பான். அதைப் பார்த்துத் தூரத்தில் நிற்கிறவன் இரண்டடி தள்ளி நிற்பான். இவ்வளவும் நீ பெல்ட்டைச் சரி செய்கிறான் என்று சொன்ன அந்த நேரத்தில் நடக்கிறது. என்ன எறியப் போகிறான் என்று யோசிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கிறது.

உங்கள் மாமாவுக்கும் இப்போது இதுதான் சரியாக இருக்கிறது. விரலை அவரே முன்கூட்டிக் காட்டிவிடுகிறார். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கிறது.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பிள்ளைகள் எல்லாம் கண்ணாடி போட மாட்டேன் என்று அழுகிறார்கள். போன் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது கேட்காதே.

படம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்காகத்தான். அம்மாவிடம் கொடு.

அக்கா

◆

ஜூன் 18

அக்காஆஆஆ!

நீ ஒரு தெய்வம்! அந்தப் போட்டோ இருக்கே, அது போட்டோ இல்ல, புதையல்!

மாமா நாற்காலியில சாஞ்சு உக்காந்து, அந்தப் பெரிய பேஸ்பால் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, வாயை ஒரு பக்கமாக் கோணி ஒரு போஸ் கொடுத்திருக்காரு பாரு! விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்மளை வெறுப்பேத்தறதுக்குன்னே அப்படி மூஞ்சியை வச்சிருக்காரு, எனக்குத் தெரியாதா அவரை?

உடனே ஸ்கேன் பண்ணி, மேல ஒரு பெரிய ரெட் கார்டு வரைஞ்சு, 'துரோகி நம்பர் ஒன்! மாமாவுக்கு வாழ்நாள் தடை!'ன்னு போட்டுட்டேன். அக்கா, பத்திக்கிச்சு! என் சேனல்ல இதுவரைக்கும் எந்த வீடியோவும் இப்படிப் போனதில்ல. ஊர்ல இருக்கிற ஃபுட்பால் பேஜ் எல்லாம் எடுத்துப் போட்டிருக்கானுங்க. ஸ்டிக்கரா வேற மாத்தி அனுப்பறானுங்க. நேத்து என் கடைக்கு வந்த ஒரு கஸ்டமர் எனக்கே அதை அனுப்பினாரு!

கமெண்ட்ஸ் படிக்கணுமே நீ. ஒருத்தன் கேக்குறான்: "மாமா வாய் ஏன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது? பேஸ்பால் பாத்தா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா?" அதுக்கு எவ்வளவு லைக் தெரியுமா! அதைத்தான் பின் பண்ணி மேல வச்சிருக்கேன்.

அம்மா மட்டும் சிரிக்கல. போட்டோவைக் கண்ணுகிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "மாப்பிள்ளை ஏன்டா இப்படி இளைச்சுட்டாரு?"ன்னாங்க. "பேஸ்பால் பாத்தா யாருதான் இளைக்க மாட்டாங்க"ன்னேன். முறைச்சுட்டு உள்ள போயிட்டாங்க. போட்டோ இப்ப அவங்க தலையணைக்குக் கீழ.

மாமாகிட்ட சொல்லு, அவரு இப்ப ஸ்டாரு! லைவ்ல வரச் சொல்லு, பேஸ்பாலா ஃபுட்பாலான்னு நேருக்கு நேர் மோதலாம்! அடுத்த போட்டோ எப்ப?

விசில்

◆

ஜூன் 26

உன் கடிதம் கிடைத்தது.

மாமாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்னப் பெண், நல்லவள். வாசலிலேயே என்னை நிறுத்தி, போனை நீட்டி, "அக்கா, இது சார்தானே?" என்று கேட்டாள். பார்த்தேன். நான் அம்மாவுக்கு அனுப்பிய படம். மேலே உன் சிவப்பு அட்டை. கீழே அந்த வாயைப் பற்றிய கேள்வி.

அதைப் பின் பண்ணி மேலே வைத்திருக்கிறாய்.

தொப்பி எதற்கு என்று சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். வியர்வை துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து மேல் மாடியிலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்தது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தலையின் ஒரு பக்கம் முழுக்கத் தையல். முடி இன்னும் சரியாக வளரவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வீட்டுக்குப் போகும்போது தன் தொப்பியைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டுப் போனார். வாய் போஸ் இல்லை. அந்தப் பக்கம் இன்னும் முழுசாக அசையவில்லை. அந்தப் படத்துக்காகத்தான் அவர் சிரிக்க முயன்றார். அம்மா பார்ப்பார்கள் என்று சொல்லி நான்தான் சிரிக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆசையாக ஃபுட்பால் போட்டேன். நம் டீம்தான் ஆடியது. "பந்து எங்கே?" என்றார். "அதோ" என்றேன். நான் காட்டுவதற்குள் பந்து வேறு எங்கோ போயிருந்தது. "பந்து எங்கே? பந்து எங்கே?" என்று திரை முழுக்கத் தேடினார். பிறகு வாந்தி எடுத்துவிட்டார். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே? கடையிலிருந்து சோதனை ஃப்ரேமை எடுத்து வந்து மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றி "இப்போது தெரிகிறதா, இப்போது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கண் பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்ள நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பேஸ்பால் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் நிற்கிறது. அவர் வந்து சேரும்வரை நிற்கிறது. அதனால் பார்க்கிறோம். போன் மணி அடித்தாலே தலையைப் பிடித்துக்கொள்கிறார். அதனால் கடிதம்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்காதே. உன்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதைத்தான் நிரூபித்துவிட்டாய்.

இனி எழுத மாட்டேன்.

◆

ஜூலை 2

அக்கா

லெட்டரைக் கடையில நின்னு படிச்சேன். அப்புறம் ஷட்டரை உள்பக்கமா இழுத்துவிட்டு உக்காந்துட்டேன். கஸ்டமர் வெளியில நின்னு தட்டினாங்க. திறக்கல.

தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா சரியாயிடுமா, அதுவும் தெரியல.

போஸ்ட்டை எடுத்துட்டேன். ஆனா மத்தவன் எடுத்துப் போட்டதை நான் எப்படி எடுக்கிறது? ஒவ்வொருத்தனுக்கா மெசேஜ் போட்டு எடுக்கச் சொல்றேன். சில பேர் எடுத்தானுங்க. சில பேர் "ஏன் ப்ரோ, காமெடிதானே"ங்கறானுங்க. என்ன காரணம்னு சொல்லவும் முடியல.

நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை லைவ்ல வந்து எல்லார் முன்னாடியும் நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டுடறேன். மாமாவுக்கு என்னாச்சு, தொப்பி எதுக்கு, எல்லாத்தையும். சிரிச்சவன் அத்தனை பேரும் அழணும். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும். சரியாக்கா?

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. முகத்தைப் பாக்க முடியாம வீட்டுக்கே லேட்டாப் போறேன்.

◆

ஜூலை 8

போடாதே.

உனக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காக அவர் மண்டையை இன்னொரு முறை ஊருக்குத் திறந்து காட்டாதே. போன முறை சிரித்தார்கள், இந்த முறை அழுவார்கள். அவரைக் கேட்டாயா?

அம்மாவிடம் சொல். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. கத்தாதே.

◆

ஜூலை 15

அக்கா,

போடல. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு கேமரா முன்னாடி உக்காந்தேன். உன் பதில் வரல. "சரியாக்கா?"ன்னு நான்தானே கேட்டிருந்தேன்? கேட்டுட்டுப் பதில் வர்றதுக்கு முன்னாடியே போட்டா அது என்ன கேள்வி? லைட்டை ஆஃப் பண்ணிட்டேன். "கத்துறவன் எங்கே"ன்னு இன்னும் கேட்டுட்டே இருக்கானுங்க. கேக்கட்டும்.

அம்மாகிட்ட சொன்னேன். பக்கத்துல உக்காந்து, மெதுவா. நீ நம்ப மாட்ட, பாதியிலயே என் கையைப் புடிச்சு, "அந்தப் படத்தைப் பாத்தப்பவே தெரியும்டா. அவளே சொல்லட்டும்னு இருந்தேன்"ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுடுச்சு. இந்த வீட்டுல எல்லாரும் எல்லாத்தையும் மனசுக்குள்ள வச்சிருக்கீங்க, நான் ஒருத்தன்தான் ஒழுகிட்டே இருக்கேன். அம்மா அடுத்த மாசம் உன்கிட்ட வர்றாங்க. வேண்டாம்னு எழுதாத, பெட்டியே கட்டிட்டாங்க.

பேஸ்பால் மேட்ச் ஒண்ணு முழுசாப் பாத்தேன். அந்தக் குந்தி உக்காந்திருக்கிறவனை மட்டும். அவன் விரல் காட்டறதுக்கு முன்னாடி நானும் சொல்லிப் பாத்தேன். எல்லாம் தப்பு! மாமா எப்படி முக்கால்வாசி சரியாச் சொல்றாரு? கொட்டாவியே வரலைன்னு சொன்னா பொய், நாலஞ்சு தடவை வந்துச்சு. ஆனா கடைசியில எறியறவன் மூணு தடவை "மாட்டேன்"னு தலையாட்டினான் பாரு, நான் நாற்காலி நுனிக்கே வந்துட்டேன்.

உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு இன்னும் ஃபுட்பால்தான். பாவம் பாத்துக் கட்சி மாறினா மாமாவே என்னைச் செருப்பால அடிப்பாரு.

நீ எழுத வேண்டாம். நான் எழுதறேன்.

விசில்

◆

ஜூலை 24

விசில்,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். இவர் விடவில்லை.

பயிற்சி கொடுக்கிற பெண் இருக்கிறாளே, அவளுக்கு வாய் நிற்காது. உன் இனம். நான் கடைக்குப் போயிருந்தபோது, "சார், நீங்க ஃபேமஸ்" என்று அந்தப் படத்தை அவரிடமே காட்டிவிட்டாள். வந்து கேள்விப்பட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"பார்த்தீங்களா?" என்றேன்.

தலையாட்டினார். அவருக்கு வார்த்தை மெதுவாக வரும். ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். நானும் நின்றேன்.

"ரெட்... தப்பு" என்றார். "இதுக்கு... மஞ்சள்தான். உன் தம்பிக்கு... ரூல்ஸ் தெரியாது."

டேய், ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் அழுது தீர்த்து, உன்னைத் திட்டித் தீர்த்து, ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். இந்த மனுஷன் நடுவர் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்துகொண்டிருக்கிறார்! சிரிப்பதா, தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. தலையில் குட்டவும் முடியாது.

பிறகு உன் கடிதங்களை எடுத்து வரச் சொன்னார். மறைத்து வைத்திருந்ததை எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரி முடிந்ததும் கை காட்டி நிறுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "ம்" என்பார். அப்புறம்தான் அடுத்த வரி. உன் கூச்சலை அப்படி நிறுத்தி நிறுத்திப் படித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தடவைகூடத் தலை வலிக்கிறது என்று சொல்லவில்லை.

முடித்ததும் கேட்டார்: "நம்ம டீம்... அரையிறுதி... என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. "தம்பியைக் கேட்டு எழுதுகிறேன்" என்றேன். "ரிசல்ட் வேண்டாம்... ஆட்டம் வேணும்" என்றார்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். நான் இன்னும் இல்லை. அது வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அம்மா வரும்போது பழைய போர்வை இரண்டு எடுத்து வரச் சொல்.

அக்கா

◆

ஆகஸ்ட் 1

அக்கா, இதைச் சத்தமாப் படி. நான் 'நிறுத்து'ன்னு எழுதியிருக்கிற இடத்துல எல்லாம் நிறுத்து. கீழ இருக்கிறதைக் கையால மூடிக்கோ. மாமா வாயைத் திறந்து ஏதாவது சொன்ன பிறகுதான் அடுத்தது. ஏமாத்தினா உனக்கு மஞ்சள்.

மாமா, வணக்கம். ரெட் கார்டு வாபஸ். தீர்ப்பை ஒத்துக்கறேன்.

அரையிறுதி. லேசாத் தூறல், புல்லு வழுக்குது. நம்ம ஆளுங்க நீலம், அவங்க வெள்ளை. நீங்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி எப்பவும் நிக்கிற இடத்துலதான் நானும் நின்னேன். பந்து இப்ப நம்ம கேப்டன் கால்ல. மைதானத்துக்கு நடு. அவருக்கு இடது பக்கம் குள்ளன் ஓடறான், அவன் முன்னாடி யாருமே இல்ல. வலது பக்கம் நெட்டையன் நிக்கிறான், அவனை ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டு இருக்காங்க. கேப்டன் தலையைத் தூக்கிப் பாக்குறாரு. யாருக்குக் கொடுப்பாரு?

நிறுத்து.

குள்ளனுக்குன்னு சொன்னீங்களா? நானும் அதைத்தான் கத்தினேன். தப்பு மாமா! நெட்டையனுக்கே கொடுத்தாரு, மனுஷனுக்கு என்ன கிறுக்கோ. ஆனா பாருங்க, அந்த ரெண்டு வெள்ளைச் சட்டைக்காரனுங்களும் நெட்டையன் மேலயே பாய்ஞ்சானுங்க, அவன் பந்தைத் தொடாமலே விட்டுட்டான்! காலுக்கு நடுவுல போக விட்டுட்டான்! பின்னாடி இருந்து யாரு வந்திருப்பா?

நிறுத்து.

நம்ம கேப்டனே! கொடுத்துட்டு நிக்கல, சுத்தி ஓடி வந்துட்டாரு. இப்ப பந்து மறுபடி அவரு கால்ல, பெனால்ட்டி பெட்டிக்குள்ள, கீப்பர் மட்டும்தான் எதிர்ல. அந்த நேரத்துல பின்னாடி இருந்து ஒருத்தன் சறுக்கிட்டு வந்து காலைத் தட்டி விட்டான். விசில்! ஊரே எந்திரிச்சுடுச்சு. இதுக்கு என்ன கார்டு மாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ரூல்ஸ் தெரிஞ்சவரு நீங்க.

நிறுத்து.

நடுவர் என்ன காட்டினாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க தீர்ப்பை எழுதி அனுப்புங்க, அதுதான் செல்லும்.

பெனால்ட்டி. ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு. ஆட்டம் முடியப் போகுது. கேப்டன் நொண்டறாரு, அதனால பந்தைக் குள்ளன் எடுத்து வைக்கிறான். ஈரப் புல்லு, பந்து உருளுது. மறுபடி எடுத்து வைக்கிறான். நாலடி பின்னால போறான். கீப்பர் கையை விரிச்சுக்கிட்டுக் கோட்டு மேல இங்கயும் அங்கயும் ஆடறான். குள்ளன் இடது மூலையை ஒரு தடவை பாத்தான். பாத்துட்டுக் கீழ குனிஞ்சுட்டான். அது நெஜமான பார்வையா, கீப்பரை ஏமாத்தற பார்வையா? எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் முகத்தைத் துண்டால மூடிக்கிட்டாரு. இவ்வளவு பேரு நிக்கிற இடத்துல ஒரு சத்தம் இல்ல மாமா. நான்கூடக் கத்தல.

குள்ளன் ஓடி வர ஆரம்பிச்சுட்டான்.

இந்த ஊர்ல எல்லாருக்கும் ரிசல்ட் தெரியும். டீக்கடையில தெரியும், போஸ்ட் ஆபீஸ் மேடத்துக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், ஆனா அங்க வந்து வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். நானும் சொல்ல மாட்டேன். நீங்க எந்தப் பக்கம்னு சொல்ற வரைக்கும் குள்ளனோட கால் பந்து மேல படாது, கீப்பர் குதிக்க மாட்டான், அந்தப் பெரியவர் துண்டை எடுக்க மாட்டாரு.

இடதா, வலதா, நடுவா? அவசரமே இல்ல மாமா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. அக்கா, நீயும் ஒரு பக்கம் சொல்லு. என்மேல கோவமாவே சொல்லு, பரவாயில்ல. ரெண்டு பேரும் சேந்து பதில் போடுங்க.